பழைய டீசல் டிராக்டர் புகை கக்குகிறதா? பம்பில் கை வைக்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

டிராக்டர் புகைக்க ஆரம்பித்ததும் பலரும் முதலில் சந்தேகப்படுவது டீசல் பம்பைத்தான். அந்த வரிசை தப்பு. பம்பின் சீலை உடைத்து ஸ்க்ரூவைத் திருப்பிவிட்டால், பழைய அளவுக்குக் கொண்டுவர டெஸ்ட் பெஞ்ச் (பம்பைச் சோதித்து அளவு வைக்கும் இயந்திரம்) வேண்டும். உண்மையான காரணமோ அழுக்கடைத்த ஏர் கிளீனராகவோ, கோட்டுக்கு மேல் ஊற்றிய ஆயிலாகவோ இருக்கலாம். அதனால் காசு செலவில்லாத சோதனையில் தொடங்கி, பம்பைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே சொல்வதெல்லாம் மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய இன்ஜின்களுக்கு மட்டுமே. காமன் ரெயில் (எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டில் மிக அதிக அழுத்தத்தில் டீசல் தரும் புதிய வகை) இன்ஜினில் டீசல் பைப்பைத் தளர்த்தும் சோதனையைச் செய்யவே கூடாது. அதில் அழுத்தம் 1000 பாரைத் தாண்டும்.

வண்டியைத் திறந்தவெளியில், சமதளத்தில் நிறுத்துங்கள். கியர் நியூட்ரல், பி.டி.ஓ. (பின்னால் மாட்டும் கருவிகளுக்குச் சக்தி தரும் தண்டு) துண்டிப்பு, ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குக் கட்டை. தோளில் துண்டு தொங்கக் கூடாது.

படி 1: ஸ்டார்ட் செய்யும் முன்

இன்ஜின் ஆறியிருக்கும்போது டிப் ஸ்டிக்கை எடுங்கள். ஆயில் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால், அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறார்கள், அல்லது டீசல் கலக்கிறது. ஒரு சொட்டைக் காகிதத்தில் விட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் பாருங்கள். டீசல் கலந்த ஆயில் தண்ணீர்போல் ஓடும், கருப்புப் புள்ளியைச் சுற்றி வெளிறிய வளையமாகப் படரும், முகர்ந்தால் டீசல் வாடை வரும். டயாஃப்ரம் (சவ்வு) வகை ஃபீட் பம்ப் (டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் சிறு பம்ப்) இருந்தால் அதன் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

ரேடியேட்டர் தண்ணீர் மட்டத்தையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள்.

படி 2: நிறத்தோடு நேரத்தையும் கவனியுங்கள்

நிறத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பது பாதி வேலைதான். புகை எப்போது வருகிறது என்பதுதான் மீதியைச் சொல்லும். நான்கு நேரங்களில் பாருங்கள்: குளிர்ந்த ஸ்டார்ட், 15 நிமிடம் ஓடிச் சூடான பின், 5 நிமிடம் ஐடிலிங்கில் விட்டு ரேஸ் கொடுக்கும்போது, கலப்பையோ டிரெய்லரோ இழுக்கும்போது.

குளிர்ந்த நேரத்தில் சில நிமிடம் வெள்ளைப் புகை வந்து மறைவதும், சட்டென்று ரேஸ் கொடுத்ததும் ஒரு கணம் கருப்பு வந்து தெளிவதும் பழைய இன்ஜினுக்கு இயல்பு. நிற்காமல் வருவதுதான் கோளாறு.

படி 3: கருப்புப் புகை என்றால் முதலில் காற்று

கருப்புப் புகை என்பது எரியாமல் மிஞ்சிய கரி. உள்ளே போகும் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை, அல்லது டீசல் சரியாகச் சிதறவில்லை.

முதலில் ஒரு கியர் குறைத்து அதே வேலையைச் செய்து பாருங்கள். புகை தெளிந்துவிட்டால், இன்ஜினின் சக்திக்கு மீறிய லோடு கொடுத்திருக்கலாம்.

பிறகு ஏர் கிளீனர். ஆயில் பாத் வகை (கிண்ணத்து ஆயிலில் தூசியைப் பிடிப்பது) என்றால், இன்ஜினை நிறுத்திச் சில நிமிடம் கழித்துக் கிண்ணத்தைக் கழற்றுங்கள்; வலையில் உள்ள ஆயில் வடியட்டும். அடியில் விரலை விட்டுப் பாருங்கள். சேறு ஒரு செ.மீ. அளவுக்குப் படிந்திருந்தால் கழுவியே ஆக வேண்டும். கிண்ணத்தையும் வலையையும் டீசலில் அலசி, வலையை முழுக்க வடியவிடுங்கள். ஈர வலையை மாட்டினால் அதிலுள்ள டீசலை இன்ஜின் இழுத்துக்கொள்ளும். இன்ஜின் ஆயிலைக் குறியிட்ட கோடு வரை மட்டும் ஊற்றுங்கள். அதிகம் ஊற்றினால் அந்த ஆயிலும் உள்ளே போய் எரியும். நீலப் புகை வரும், மோசமானால் ஸ்டாப்பை இழுத்தாலும் நிற்காமல் இன்ஜின் தறிகெட்டு ஓடும். அப்படி ஓடினால் காற்று போகும் வாயைப் பலகையால் அடைக்க வேண்டும், கையால் அல்ல.

பலர் கோட்டைவிடுவது ரப்பர் ஹோஸை. வெளியே நன்றாக இருக்கும், உள்பக்கப் படலம் மட்டும் உரிந்திருக்கும். ரேஸ் கொடுக்கும்போது காற்று இழுப்பில் அந்தப் படலம் எழுந்து வழியை மூடிவிடும். ஹோஸைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பாருங்கள். நாளாக நின்ற வண்டியில் காற்று வாயிலும் சைலன்சரிலும் குளவிக் கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 4: எந்த சிலிண்டர் குற்றவாளி?

காற்று சரியாக இருந்தும் புகை குறையவில்லையா? கண்ணாடி, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இன்ஜின் சுமார் 800 முதல் 1000 ஆர்.பி.எம்.மில் ஓடட்டும். முதல் இன்ஜெக்டருக்கு (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் கருவி) வரும் பைப்பின் நட்டைத் துணியால் சுற்றி, அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். அந்த சிலிண்டருக்குப் போகும் டீசல் வெளியே கசியும்.

வேகம் குறைந்து சத்தம் மாறினால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது. மாற்றமே இல்லையென்றால் அது ஏற்கெனவே செத்த சிலிண்டர். தளர்த்தியதும் புகை தெளிந்தால், புகை வரும் இடம் அதுதான். நட்டை இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

தளர்த்திய நட்டிலிருந்தோ நாசிலிலிருந்தோ (இன்ஜெக்டரின் நுனி) வரும் பீச்சலுக்கு நேரே கையை நீட்டாதீர்கள். டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசிக் குத்துபோலத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சந்தேகப்பட்ட இன்ஜெக்டரை நல்ல சிலிண்டரில் உள்ளதோடு மாற்றி மாட்டுங்கள். கோளாறும் கூடவே போனால் நாசில் கெட்டிருக்கிறது. அங்கேயே நின்றால் வால்வு அல்லது கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு) கோளாறு. மாட்டும்போது செம்பு வாஷரைப் புதிதாகப் போடுங்கள். பழைய வாஷர் பெரும்பாலும் குழியின் அடியிலேயே ஒட்டிக்கொள்ளும். அதைக் கம்பிக் கொக்கியால் எடுக்காமல் மேலே இன்னொன்று போட்டால், நாசில் உயர்ந்து நின்று பீச்சல் இடம் தவறி விழும். புதுப் புகை கிளம்பும். வேலை முடிந்ததும் ஏர் எடுத்துவிடுங்கள் (டீசல் பைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது).

படி 5: வெள்ளைப் புகை

கண் எரிந்து டீசல் வாடை வந்தால், எரியாத டீசல் ஆவியாக வெளியேறுகிறது. குறைந்த கம்ப்ரஷன், பின்தங்கிய டைமிங் (டீசல் பீய்ச்சும் நேரம் தாமதமாவது), சொட்டும் நாசில் ஆகியவை காரணங்கள். தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடேறும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வு) கழற்றிப் போட்டு ஓட்டும் வண்டிகளில் இன்ஜின் சூடேறாமலேயே ஓடி வெள்ளைப் புகை விடுவதும் உண்டு. வாடையின்றிக் காற்றில் சட்டென்று கரைந்தால், அது நீராவி. தண்ணீர் மட்டமும் குறைந்து, குளிர்ந்த இன்ஜினை மூடி திறந்தபடி ஸ்டார்ட் செய்யும்போது ரேடியேட்டரில் குமிழி விடாமல் வந்தால், ஹெட் கேஸ்கெட்டோ (இன்ஜின் ஹெட்டுக்கு அடியிலுள்ள சீல்) ஹெட் விரிசலோதான் காரணம்.

படி 6: நீலப் புகை

ஆயில் எரிகிறது. ஐடிலிங்குக்குப் பின் ரேஸ் கொடுத்ததும் ஒரு கொத்தாக வந்து மறைந்தால் வால்வு கைடு (வால்வுத் தண்டு ஓடும் குழாய்), சீல் தேய்மானம். லோடில் தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங், லைனர் (சிலிண்டரின் உள்சுவர்) தேய்மானம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை விட்டு விட்டு உந்திக்கொண்டு வந்தால் ரிங் பக்கச் சந்தேகம் வலுக்கிறது.

உறுதி செய்ய, முதலில் டேப்பெட் இடைவெளியை (வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவே விடும் இடைவெளி) சரிசெய்யுங்கள். பல பழைய இன்ஜின்களில் அது 0.30 மி.மீ. அளவில் இருக்கும், உங்கள் கையேட்டு அளவே சரி. இடைவெளி இறுக்கமாக இருந்தால் வால்வு மூடாமல் கம்ப்ரஷன் போய்விடும். அதன் பிறகு கம்ப்ரஷன் கேஜ். பொதுவாக 25 முதல் 30 பார் வரும். ஒரு சிலிண்டர் மட்டும் வெகுவாகக் குறைந்தால், அதில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளவெடுங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். அதற்கு மேல் ஊற்ற வேண்டாம். டீசல் பிஸ்டனுக்கு மேலே இடம் மிகக் குறைவு. ஆயில் முட்டினால் கனெக்டிங் ராடு வளையும்.

படி 7: இப்போது பம்ப்

காற்று, நாசில், டேப்பெட், கம்ப்ரஷன் நான்கும் சரியாக இருந்தும் எல்லா சிலிண்டரும் ஒரேபோல் புகைத்தால்தான் பம்பின் முறை. கழற்றும் முன் பம்ப் ஃபிளேஞ்சிலும் (பம்பை இன்ஜினோடு இணைக்கும் தட்டு) இன்ஜின் பக்கத்திலும் உள்ள டைமிங் கோடுகளைத் துடைத்துப் பாருங்கள். அவை ஏற்கெனவே விலகி நின்றால், யாரோ டைமிங்கை நகர்த்தியிருக்கலாம். அதை நேராக்கி ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகும் புகைத்தால் பம்பையும் எல்லா நாசில்களையும் சேர்த்தே டெஸ்டுக்குக் கொடுங்கள்.