சித்திரை மழையும் கோத்தகிரிச் செம்மண்ணும்

சித்திரை, வைகாசியில் கோத்தகிரிப் பக்கம் மலைச் சைக்கிள் ஓட்டக் கிளம்புகிறவர்கள் முதலில் கைபேசியில் வானிலை பார்க்கிறார்கள். நானும் பார்ப்பேன். ஆனால் ஓட்டலாமா வேண்டாமா என்பதை மண்ணைத் தொட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்வேன். ஊட்டியில் மழை கொட்டும் நாளில் தொட்டபெட்டாவுக்குக் கிழக்கே கோத்தகிரி காய்ந்து கிடப்பதுண்டு. வானம் தெளிந்த காலையிலும் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் முந்தைய மாலை மழை ஊறிக் கிடப்பதுண்டு.

பாதை நடுவில் மேல்புழுதியை விலக்கி, ஒரு விரற்கடை ஆழத்திலிருந்து ஒரு சிட்டிகை மண் எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். இடியாப்ப இழைபோல் நீண்டு வந்தால் அன்று அந்தப் பாதை வேண்டாம். வழுக்கும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. டயர் கீறிய தடத்தில் அடுத்த மழைநீர் ஓடி, பாதையையே வாய்க்காலாக்கிவிடும். இலை மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டு அதே பாதையில் நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். உருட்டும்போதே மண் உதிர்ந்து, விரலில் செம்மை மட்டும் ஒட்டினால் அதைவிட நல்ல நாள் கிடையாது. நல்ல மழை பெய்து, ஒரு முழு வெயில் காய்ந்த மறுநாள் காலையில் இந்தப் பதம் கிடைக்கும்.

நான் அஞ்சுவது கோடையின் முதல் மழைக்குத்தான். வெயிலில் செங்கல்லாக இறுகிய தரையில் பத்து நிமிடத் தூறல் விழுந்தால் மேலே மெல்லிய சேறு, அடியில் கல். எண்ணெய் தடவிய தோசைக்கல்லில் சக்கரம் எப்படி நிற்கும்? அப்படி ஒரு நாளில், தைல மரங்களின் நிழலில், வளைவுக்குள் நுழைந்த பிறகு முன் பிரேக்கை அழுத்தினேன். ஈரச் சருகோடு சக்கரம் பக்கவாட்டில் போய்விட்டது. காறை எலும்பு முறிந்து, அந்தக் கோடை முழுவதும் வீட்டில் கழிந்தது. வேகத்தை வளைவுக்கு முன்பே, சருகில்லாத தரையிலேயே குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் பிரேக்கைத் தொடாதீர்கள்.

எந்தச் சரிவு முதலில் காயும்? சித்திரை நண்பகலில் சூரியன் இங்கே ஏறக்குறைய உச்சிக்கு மேல் நிற்கிறது. அதனால் வடக்கு, தெற்கு என்ற பேதம் பெரிதில்லை. கிழக்குச் சரிவு காலை வெயிலில் காய்ந்துவிடும். மேற்குச் சரிவுக்கு வெயில் சேர வேண்டிய பிற்பகலில் மேகம் கவிந்துவிடும். ஆகவே மழைக்கு மறுநாள் என்றால் நான் கிழக்கு முகப் பாதையைத்தான் எடுப்பேன்.

வெளிச்சம் நன்றாக வந்த பிறகு தொடங்குங்கள். இரவில் தேயிலைக்குள் வந்த காட்டெருமைகள் காடு திரும்பும் நேரம் விடியல். எதிர்ப்பட்டால் தள்ளி நின்று வழிவிடுங்கள், மணியடிக்காதீர்கள். பகல் 1 மணிக்குள் முடித்துவிடுங்கள். 11 மணிவாக்கில் மேகங்கள் காலிஃபிளவர்போல் மேல்நோக்கிப் பொங்கத் தொடங்கினால் மாலையில் இடி வரும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணினால் 3 விநாடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் வெளியே வரக் கூடாது. தனித்து நிற்கும் சில்வர் ஓக் மரத்தடியில் ஒருபோதும் ஒதுங்காதீர்கள்.

டயர் காற்று அவரவர் எடையைப் பொறுத்தது. 65 கிலோ எடையுள்ள நான், 2.2 அங்குல டயரில் 28 பிஎஸ்ஐ வைக்கிறேன். ஈரத்தில் 3 குறைப்பேன்.

மழை தள்ளிப்போன ஆண்டுகளில் கவலை வேறு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்ற 20க்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் உயிரிழந்தார்கள். புல் காய்ந்த மலையில் புகை வாசம் வந்தால் மேலே ஏறித் தப்ப நினைக்காதீர்கள். தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுப் பாதையில் நுழையவே வேண்டாம். தோட்டமென்றால் மேற்பார்வையாளரிடம் கேட்டுவிடுங்கள்.

இலை பறிக்கிற அக்காக்களிடமும் கேளுங்கள்: "அக்கா, நேற்று மழை எத்தனை மணிக்குப் பிடித்தது?" பெரும்பாலும் அதே நேரத்தை ஒட்டித்தான் இன்றும் வரும். அவர்கள் வழக்கத்துக்கு முன்பே மூட்டை கட்டத் தொடங்கினால், நான் சைக்கிளைத் திருப்பிவிடுவேன்.