கீமோ தொடங்கும் முன் கருவளம் காக்க

புற்றுநோய் உறுதியானதும், ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டினாலும் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குச் சென்றாலும், கீமோ எனப்படும் வேதிச்சிகிச்சையின் முதல் மருந்து ஏறும் முன்பே, இச்சிகிச்சை சினைப்பையை எந்த அளவுக்குப் பாதிக்கும் என்று கேட்டுவிட வேண்டும். மணமாகாத பெண்ணின் முன்னிலையில் இதை எப்படிக் கேட்பது என்று வீட்டார் தயங்குவதுண்டு. அந்தக் கூச்சத்துக்கு இங்கே இடமில்லை. குறிப்பாக, சைக்ளோபாஸ்பமைடு, சினைப்பையில் உள்ள முட்டைகளின் இருப்பை வெகுவாகக் குறைக்கக்கூடிய கீமோ மருந்து.

கருமுட்டையை எடுத்து உறைய வைக்க ஏறக்குறைய 2 வாரங்கள் ஆகும். மாதவிடாய்க்காகக் காத்திருக்கத் தேவையில்லை. முட்டைகளை வளரச் செய்யும் ஊசியை எந்த நாளிலும் தொடங்கலாம். தினமும் தோலடியில் போடும் அந்த ஊசியால் ஈஸ்ட்ரஜன் ஹார்மோன் கூடும் என்பதால், மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு அதைக் குறைக்கும் லெட்ரோசோல் மாத்திரையும் சேர்த்துத் தருவார்கள். திசுப் பரிசோதனை முடிவு, கீமோ அட்டவணை, இரத்த அணுக்களின் எண்ணிக்கை ஆகியவற்றின் நகலைக் கருத்தரிப்பு மையத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். ஆண்டுதோறும் கட்ட வேண்டிய சேமிப்புக் கட்டணத்தையும் அன்றே எழுதி வாங்குங்கள்.

பூப்பெய்தாத சிறுமிகளுக்குச் சினைப்பைத் திசுவை உறைய வைப்பதே வழி. இடுப்புப் பகுதியில் கதிர்வீச்சு தருவதாக இருந்தால், சினைப்பையை அறுவை மூலம் மேலே நகர்த்தி வைக்க முடியுமா என்று கேட்கலாம்.

கீமோவின்போது சினைப்பையைத் தற்காலிகமாக ஓய்வில் வைக்க மாதந்தோறும் போடப்படும் கோசெரலின் ஊசி துணையே தவிர, முட்டை உறைய வைப்பதற்கு மாற்று அன்று. சிகிச்சைக் காலத்தில் மாதவிடாய் நின்றிருந்தாலும் கரு உண்டாகலாம். ஆகவே ஹார்மோன் கலவாத கருத்தடை முறையை மருத்துவரிடம் கேட்டுப் பின்பற்றுங்கள்.