மாலை ஆறரை மணி: குடியை நாடாமல் மன நெருக்கீட்டைக் கையாளுதல்

கடையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போடும் நேரத்தில்தான், பகல் முழுவதும் தள்ளிவைத்த யோசனைகள் எல்லாம் ஒன்றாக வந்து தலையில் ஏறுகின்றன. வங்கித் தவணை, அடகில் கிடக்கும் மனைவியின் சங்கிலி, மகளின் உயர்தரப் பரீட்சை என்று ஆளுக்கு ஆள் சுமை வேறுபடலாம். வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு கள்ளுத் தவறணையோ மதுக்கடையோ இருப்பது மட்டும் பலருக்கும் பொது. நானும் பல ஆண்டுகள் அந்தச் சந்தியில் சைக்கிளை நிறுத்தியவன்தான். மனஉறுதியைப் பற்றி எனக்குப் புத்தி சொன்னவர்கள் ஏராளம். ஆறரை மணிக்கும் எட்டரை மணிக்கும் இடைப்பட்ட நேரத்தை என்ன செய்வது என்று சொல்லித்தந்தவர் எவரும் இல்லை. ஆகவே இங்கே எழுதுவது அந்த இரண்டு மணித்தியாலங்களைப் பற்றி. நாள்தோறும் நிறையக் குடிப்பவர்கள் மட்டும் தயவுசெய்து இறுதிப் பகுதியை முதலில் வாசிக்க வேண்டும்.

மதுசாரம் மூளையின் வேகத்தைத் தணிக்கும் பொருள் என்பதால், முதல் அரை மணித்தியாலத்தில் தோள்கள் தளர்வதும் பேச்சு இலகுவாவதும் பொய்யல்ல. ஆனால் மூளை அந்தத் தணிப்பை ஈடுசெய்யத் தன் விழிப்பை உயர்த்திக்கொள்கிறது. மதுசாரம் உடலிலிருந்து நீங்கிய பின்னர் அந்த விழிப்பு மட்டும் மிஞ்சி நிற்கிறது. பத்து மணிக்கு அடித்துப்போட்டாற்போல் நித்திரையானவர் அதிகாலை இரண்டு, மூன்று மணிக்கு நெஞ்சு படபடக்க எழும்பி முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பது இதனால்தான். அந்தப் படபடப்பை நாம் கடன் யோசனை என்று எண்ணுகிறோம். அதில் நல்ல பங்கு முதல்நாள் குடித்ததன் மிச்சம். கள்ளு உடம்புக்குக் குளிர்ச்சி, அதை மது என்று சொல்லலாமா என்று வாதிடுபவர்களும் இங்கே உண்டு. சுண்ணாம்பு தடவிய முட்டியில் புளிக்காமல் இறக்கும் கருப்பணிக்கு, அதாவது பதநீருக்கு, அந்த வாதம் பொருந்தும். புளித்த கள்ளுக்குப் பொருந்தாது.

முதலில் வயிற்றைக் கவனிக்க வேண்டும். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டவரின் பசி ஆறரை மணிக்குக் குடி ஆசையின் வேடத்தில் வருகிறது என்பது என் சொந்த அனுபவம். கடையை விட்டு இறங்குமுன் ஒரு பிடி கச்சானோ இரண்டு வாழைப்பழமோ சாப்பிட்டு, பனங்கட்டி கடித்துக்கொண்டு ஒரு பிளேன்டீ குடித்தால் அந்த வேடம் பாதி கலைந்துவிடும். அடுத்தது பாதை. பழகிய சந்தியைக் கண்டதும் கை தானாகப் பிறேக்கைப் பிடிக்கும் என்பதால், கொஞ்சம் சுற்றென்றாலும் வேறு ஒழுங்கையால் போவது நல்லது. குடி ஆசை பெரும்பாலும் அலைபோல் எழுந்து அரை மணித்தியாலத்துக்குள் தணிந்துவிடுவது. அதை வெல்ல வேண்டியதில்லை, கடக்க விட்டால் போதும்.

அந்த அரை மணித்தியாலத்தைக் கடக்க நான் கண்ட மிகச் சிறந்த இடம் கிணற்றடி. உடுப்பை மாற்றியவுடன், கைத்தொலைபேசியை வீட்டுக்குள் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போங்கள். முதல் வாளியைத் தலையில் கவிழ்க்காமல் பாதங்களில் ஊற்றுங்கள். இரண்டாவதை முழங்காலுக்கும் மூன்றாவதைத் தோளுக்கும் ஊற்றி, பின்னர் இரு கைகளாலும் நீரை அள்ளி முகத்தில் பலமுறை அடியுங்கள். குளிர்ந்த நீர் முகத்தில் படும்போது இதயத்துடிப்புச் சற்றுத் தணிவது உடலின் இயல்பு. தலை துவட்டியபின் விறாந்தையில் அமர்ந்து, நான்கு எண்ணும்வரை மூச்சை உள்ளே இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக வெளியே விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். மூச்சை எண்ணுவது சலிப்பாக இருந்தால் ஒரு தேவாரத்தை நன்றாக இழுத்துப் பாடலாம்; வெளிமூச்சு நீள்வதுதான் இதில் வேலை செய்கிறது, அது பாட்டிலும் நடக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. ஐந்து மாலைகளில் அரை மணித்தியாலம் விரைந்து நடந்தால் கணக்குச் சரி. யாழ்ப்பாண நகரில் இருப்பவர்களுக்குப் பண்ணைக் கடலோரக் காற்று இருக்கிறது. ஊரில் இருப்பவர்கள் சனசமூக நிலையத்து வளவில் கரப்பந்து ஆடும் பொடியன்களோடு சேர்ந்துகொள்ளலாம்.

நடந்து வந்தபின்னும் விலகாத யோசனைகளுக்கு ஒரு பாடசாலைக் கொப்பி வேண்டும். அதில் “கடன்” என்று எழுதுவதில் பயனில்லை. “நாளை பத்து மணிக்கு வங்கி முகாமையாளரைக் கண்டு, தவணையைப் பிரித்துத் தர முடியுமா என்று கேட்பது” என்று, கையால் செய்யக்கூடிய அளவுக்கு உடைத்து எழுத வேண்டும். வெங்காய விலை, மழை போன்று நம் கையில் இல்லாதவற்றைப் பின்பக்கத்தில் எழுதிக் கொப்பியை மூடிவிடலாம்.

மிகக் கடினமானவை கொண்டாட்டங்களும், இறந்தவருக்கு எட்டுச் செலவு செய்யும் வீடுகளும்தான். கனடாவிலிருந்து வந்த பெறாமகன் விமான நிலையத்தில் வாங்கிய போத்தலை ஆசையோடு மேசையில் வைத்து, “சித்தப்பா, உங்களுக்கெண்டுதான் கொண்டுவந்தனான்” என்று சொல்லும்போது மறுப்பது எளிதல்ல. வயிறு சரியில்லை என்று சாட்டுச் சொன்னால் அடுத்த கிழமை மறுபடியும் கேட்பார்கள். “நான் இப்ப குடிக்கிறேல்லை, தம்பி. எனக்கு ஒரு சோடா ஊத்து” என்று முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லி, நிறைந்த கிளாசைக் கையில் வைத்திருப்பதே நான் கண்ட வழி.

காணாமற்போன பிள்ளையை நினைத்து இரவுகளைக் கழிப்பவருக்கும், வாழவே பிடிக்காத எண்ணம் வருபவருக்கும் நடையும் கொப்பியும் போதா. யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் உள்ளன. 1926 என்ற இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைத்துத் தமிழிலும் கதைக்கலாம்.

காலையில் கை நடுங்கி, ஒரு மிடறு குடித்தால்தான் அந்த நடுக்கம் நிற்கும் நிலையில் இருப்பவர் தானாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. நிறுத்திய முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பும், இரண்டாம் மூன்றாம் நாட்களில் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படி நேர்ந்தால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். அதற்கு முன்னரே வைத்தியரிடம் சென்றால், மருந்தின் துணையோடு பாதுகாப்பாக நிறுத்த முடியும். அங்கே நாளொன்றுக்கு எவ்வளவு, கடைசியாக எப்போது, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்று கேட்பார்கள். வெட்கப்பட்டு அளவைக் குறைத்துச் சொன்னால் மருந்தின் அளவும் பிழைத்துவிடும்; குடித்தது கசிப்பு எனும் கள்ளச் சாராயம் என்றால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.