சிங்கப்பூரில் நின்றுபோன ஓவர்டைம் பணத்தை வாங்கிய விதம்

ஜொகூர் பாருவில் வீடு, சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை. தினமும் பாலம் தாண்டிப் போய்வந்தேன். வேலையை விட்டபோது கடைசி சில மாத ஓவர்டைம் பணம் கைக்கு வரவில்லை. கேட்டால் "பார்க்கலாம்" என்று இழுத்தார்கள்.

மலேசியாவில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்ய முடியும் என்று பலர் சொன்னார்கள். முடியும். வேலை செய்த நாட்டின் சட்டம் நமக்கும்தான். உடலுழைப்பு வேலையில் மாத அடிப்படைச் சம்பளம் 4,500 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் போகாவிட்டால், ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு தரவேண்டும். அதுவும் சம்பளக் காலம் முடிந்து 14 நாட்களுக்குள்.

பஞ்ச் கார்டை மாதாமாதம் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். சம்பளச் சீட்டில் ஓவர்டைம் மணிக்கணக்கு இருக்க வேண்டிய இடம் காலி. இரண்டையும் ஒப்பிட்டுத் தேதிவாரியாகப் பட்டியல் போட்டு, வேலைத் தகராறுகளைக் கவனிக்கும் டிஏடிஎம் அமைப்பில் ஆன்லைனில் மனு கொடுத்தேன். முதலில் சமரசப் பேச்சு. ஒத்துவராவிட்டால்தான் நடுவர் மன்றம். அங்கும் வக்கீல் வைக்க வேண்டியதில்லை, இது எனக்குப் பெரிய தெம்பு. பட்டியலை வரிவரியாகப் பார்த்த பிறகு நிறுவனத்தார் இறங்கி வந்தார்கள். எழுத்தில் ஒப்பந்தம், அப்புறம் பணம்.

வேலையை விட்டவர்கள் 6 மாதத்துக்குள் மனு போட்டுவிட வேண்டும். வேலையில் இருப்பவர்களுக்கு, பிரச்சினை எழுந்து ஓராண்டு வரை நேரமுண்டு.