வன்னியிலிருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு: உயர்தர மாணவருடன் ஒரு நாள்

மல்லாவிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்குப் புவியியல் கற்பிக்கிறேன். கலைப்பிரிவுப் பிள்ளைகளை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துப் போவது எங்கள் வழக்கம். அயல் பாடசாலை ஆசிரியர்கள் அதை எப்படி ஒழுங்குசெய்வது என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதிவைக்கிறேன்.

எங்கள் பிள்ளைகளில் பலருடைய வீட்டில் பல்கலைக்கழக வாசலை மிதித்தவர் ஒருவரும் இல்லை. அங்கே படிக்கும் ஓர் அக்காவையோ அண்ணாவையோ முன்னால் இருத்தி, மனத்தில் உள்ளதைக் கேட்பதற்குத்தான் இந்தப் பயணம். அதற்கு ஒரு மணி நேரம் முழுதாக வேண்டும். கோயில், கோட்டை, ஐஸ்கிறீம் எல்லாவற்றையும் அந்த ஒரு மணி நேரத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் அமையுங்கள்.

நாளைத் தெரிவுசெய்யும்போது பல்கலைக்கழகப் பரீட்சைக் காலத்தையும் போயா விடுமுறையையும் தவிருங்கள். நல்லூர்த் திருவிழா நடக்கும் இருபத்தைந்து நாட்களும் வேண்டாம். கோயிலைச் சுற்றிய வீதிகள் மூடப்பட்டிருக்கும், பிள்ளைகளைக் கூட்டத்தில் கண்காணிப்பதும் சிரமம். அதிபரின் கடிதம் பல்கலைக்கழகப் பதிவாளருக்குப் போக வேண்டும், அதன் பிரதி ஒன்று பீடாதிபதிக்கு. மாணவர் தொகை, பாடப்பிரிவு, வந்து சேரும் நேரம், கூட வரும் ஆசிரியர்கள், எந்தத் துறையைப் பார்க்க விருப்பம் என்பவற்றைத் தெளிவாக எழுதுங்கள். “பல்கலைக்கழகத்தைப் பார்வையிட” என்று மட்டும் எழுதினால் யாரிடம் அனுப்புவது என்று அவர்களுக்கும் தெரியாது. வலயக் கல்விப் பணிமனை அனுமதிக்கும் பெற்றோர் சம்மதக் கடிதங்களுக்கும் ஒரு மாதமாவது முன்பே இறங்கிவிடுங்கள்.

அதே நேரத்தில் உங்கள் பாடசாலையின் பழைய மாணவர் யார் யார் இப்போது அங்கே படிக்கிறார்கள் என்று தேடிப்பிடியுங்கள். உத்தியோகபூர்வமாக வரும் விரிவுரையாளர் பாடநெறிகளை நன்றாக விளக்குவார். ஆனால் துணுக்காயிலிருந்து போன பிள்ளை துணுக்காய்ப் பிள்ளைக்குச் சொல்லும் விதம் வேறு. அவர்களுக்கும் விரிவுரைகள் இருக்கும் என்பதால் மதிய இடைவேளையைக் கேட்டு வாங்குங்கள்.

போவதற்கு முந்திய வாரம் வகுப்பில் இரண்டு விடயங்களை விளக்கிவிட வேண்டும். ஒன்று, எந்தப் பீடம் எங்கே இருக்கிறது என்பது. எல்லாமே யாழ்ப்பாண நகருக்கு அருகே உள்ள திருநெல்வேலியில்தான் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். கலை, விஞ்ஞானம், முகாமைத்துவம் அங்கே. மருத்துவ பீடம் சற்றுத் தள்ளி ஆடியபாதம் வீதியில். சித்த மருத்துவம் கைதடியில். இசை, நடனம், சித்திரம் மருதனார்மடத்தில். பொறியியல், விவசாயம், தொழினுட்பம் மூன்றும் கிளிநொச்சி அறிவியல் நகரில். கணிதப் பிரிவுப் பிள்ளைகளைக் கொண்டுபோவதானால் அறிவியல் நகருக்கே தனியாகக் கடிதம் எழுதுங்கள். மாங்குளத்தால் வருகிறவர்களுக்கு அது ஏ9 வீதியில் போகிற வழியிலேயே இருக்கிறது.

இரண்டாவது, இசற் புள்ளி (Z-score), அதாவது உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணித்துப் பல்கலைக்கழக அனுமதிக்குப் பயன்படுத்தும் புள்ளி. பெரும்பாலான கற்கைநெறிகளின் இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் தரவரிசைப்படியும், 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பவும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. எங்கள் முல்லைத்தீவு அந்தப் பட்டியலில் உள்ள மாவட்டம். இதை அறியாத பிள்ளை கொழும்புப் பிள்ளையின் புள்ளியோடு தன் புள்ளியை வைத்துப் பார்த்துச் சோர்ந்துபோகிறது. கணக்கை எழுதிக் காட்டுங்கள்.

காலை ஐந்து மணிக்கு பஸ் புறப்பட வேண்டும். முறிகண்டிப் பிள்ளையாரிடம் நிறுத்தாமல் எந்தச் சாரதியும் போக மாட்டார். கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கி, பதினைந்து நிமிடத்தில் ஏற்றிவிடுங்கள். காலைச் சாப்பாடு வீட்டிலிருந்து பார்சலாக வரட்டும்.

இராமநாதன் வீதி வாசலால் உள்ளே போனதும் பரமேஸ்வரன் கோயில் தெரியும். அங்கே நிழலில் நிறுத்தி வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடம் இது. 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் பேராசிரியர் கைலாசபதியின் தலைமையில் இங்கே தொடங்கியது. 1979இல் தனிப் பல்கலைக்கழகமானது. பிறகு நூலகம். சொந்தத் துறையின் புத்தகங்கள் இருக்கும் அடுக்குகளுக்கு நடுவே பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் நிற்க விடுங்கள்.

வளாகத்துக்குள் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இருக்கிறது. 2021 ஜனவரியில் இடிக்கப்பட்டு அதே ஆண்டில் மீண்டும் கட்டப்பட்டது. எங்கள் பிள்ளைகளுக்கு அது பாடம் அல்ல, வீட்டுக் கதை. நான் அங்கே எதுவும் விளக்குவதில்லை. நிற்க விரும்புகிறவர்கள் நிற்கட்டும், படம் எடுக்கும்படி யாரையும் கூப்பிடாதீர்கள்.

இனி அந்த ஒரு மணி நேரம். ஒவ்வொரு பிள்ளையும் மூன்று கேள்விகளை முதல் நாளே எழுதிக்கொண்டு வர வேண்டும். ஐந்தாறு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு பல்கலைக்கழக மாணவர் போதும். ஆசிரியர்கள் தள்ளிப் போய்விட வேண்டும், இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். நாங்கள் பக்கத்தில் நின்றால் “உங்கள் எதிர்கால இலட்சியம் என்ன?” என்பதைத் தாண்டாது. ஒருமுறை மரத்தடியில் சாப்பாட்டுப் பார்சல்களைப் பிரித்துக்கொண்டு இருந்தபோது, வகுப்பில் வாய் திறக்காத ஒரு பிள்ளை கேட்டது காதில் விழுந்தது: “அக்கா, விடுதி கிடைக்காவிட்டால் எங்கே இருப்பீர்கள்?” கொக்குவிலில் நான்கு பேர் சேர்ந்து ஓர் அறை எடுத்திருப்பதையும், முறைவைத்துச் சமைப்பதையும், மகாபொலப் புலமைப்பரிசில் பணம் பிந்தினால் யாரிடம் மாறுவது என்பதையும் அந்த அக்கா விரல்விட்டுச் சொன்னாள். பிள்ளை அதைக் கொப்பியில் கணக்காக எழுதிக்கொண்டது. பகிடிவதையைப் பற்றியும் கேட்பார்கள், கேட்க வேண்டும். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம் என்பதையும், யாரிடம் முறையிடலாம் என்பதையும் நீங்கள் வகுப்பில் சொல்லிவையுங்கள். பெற்றோர் பயப்படுவதும் இதற்குத்தான்.

பிற்பகல் நகரத்துக்கு. கீரிமலை, நயினாதீவு என்று யாராவது தொடங்கினால் மறுத்துவிடுங்கள், அவை வேறொரு நாளுக்குரியவை. நல்லூரில் வெளிவீதியில் நின்று கும்பிட்டாலும் போதும். உள்ளே போகிற ஆண்பிள்ளைகள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும் என்பதை முன்பே சொல்லுங்கள். கோயிலுக்கு அண்மையில் உள்ள ஐஸ்கிறீம் கடைக்கு அரை மணி நேரம் ஒதுக்கத்தான் வேண்டும்.

பொது நூலகத்தில் பார்வையாளருக்கு அனுமதிக்கும் நேரத்தைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு போங்கள். 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன என்பதை வாசலில் உள்ள சரஸ்வதி சிலையடியில் சொல்லிவிட்டு, உள்ளே அமைதியாக விடுங்கள். இன்று அங்கே படித்துக்கொண்டிருப்பவர்களில் பாதிப் பேர் பரீட்சைக்குத் தயாராகும் பிள்ளைகள்.

கோட்டை கடைசியாக, நான்கு மணிக்குப் பிறகு. உள்ளே நிழல் குறைவு. போர்த்துக்கேயர் தொடங்கி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி ஐங்கோணமாக விரித்துக் கட்டியது. புவியியல் ஆசிரியர்கள் மதிற்கல்லின் அருகே பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். முருகைக்கல்லில் சிறு துளைகளும் நெளிநெளியான வரிகளும் அப்படியே இருக்கின்றன. விரலை வைத்துத் தடவினால் கடலுக்குள் வளர்ந்த உயிர்தான் இந்த மதில் என்பது புத்தகம் இல்லாமலே விளங்கும். மேலே ஏறினால் பண்ணைப் பாலமும் கடனீரேரியும் ஒரே பார்வையில் கிடைக்கும். மதில் ஓரங்களில் தடுப்பு இல்லாத இடங்கள் உண்டு, ஓர் ஆசிரியர் மேலே நிற்கட்டும்.

ஆறு மணிக்குப் பெயர் கூப்பிட்டு ஏற்றுங்கள். பனங்கட்டி, புழுக்கொடியல் வாங்குகிறவர்கள் பஸ் நிலையச் சந்தையில் பத்து நிமிடத்தில் வாங்கிவிடலாம். பரந்தனைத் தாண்டும்போது பெற்றோருக்குத் தகவல் சொல்லுங்கள். அடுத்த வாரம், கடந்த ஆண்டு எங்கள் மாவட்டத்துக்கான வெட்டுப்புள்ளிகளை (ஒவ்வொரு கற்கைநெறிக்கும் அனுமதி கிடைத்த ஆகக் குறைந்த இசற் புள்ளிகளை) அச்செடுத்து வகுப்புச் சுவரில் ஒட்டுங்கள். போய்வந்த பிள்ளைகள் அதன் முன் நின்று வாசிப்பார்கள், அப்போது கேட்கிற கேள்விகளுக்கு நேரம் ஒதுக்குங்கள்.