கேசினோ ஆபரேஷன்ஸ் படிக்கப் போறீங்களா, காசு கட்டுறதுக்கு முன்னாடி

மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ குடிக்கிறப்ப தெருப் பையன் ஒருத்தன் கேட்டான், அண்ணே கேசினோ கோர்ஸ், அதான் சூதாட்ட விடுதி நடத்துற படிப்பு, சேரலாமான்னு. சேருடா, ஆனா மேசையில சீட்டுக்கட்டு பிரிச்சுப் போடுற வேலைய மட்டும் சொல்லித்தர்ற எடத்துல காசக் கட்டிராதன்னேன். மொதல்ல கணக்கு புரியணும்ங்க. ரூலெட்னா சுத்துற சக்கரத்துல குண்டு எந்த நம்பர்ல விழும்னு பந்தயம் கட்டுற ஆட்டம். ஐரோப்பிய ரூலெட் சக்கரத்துல 37 கட்டம், ஒத்த நம்பர்ல வச்சு ஜெயிச்சா வச்ச காசத் திருப்பிக் குடுத்து, அது போக 35 மடங்குதான் குடுப்பாங்க, அந்த இடைவெளிதான் ஹவுஸ் எட்ஜ், 100 ரூவா பந்தயத்துக்கு சராசரியா 2.70 ரூவா நடத்துறவன் பக்கம் நின்னுரும், அமெரிக்க சக்கரத்துல 38 கட்டம்ங்கிறதால அது 5.26 ஆயிரும்.

லாஸ் வேகாஸ்ல பெரிய ரிசார்ட்டுகளுக்கு சூதாட்டத்த விட ரூம், சாப்பாடு, ஷோவுலதான் வருமானம் ஜாஸ்தி, அதனால ஹோட்டல் மேனேஜ்மென்ட், அக்கவுண்ட்ஸ் சேந்த கோர்ஸா தேடுங்க. நம்ம மாநிலத்துல கேசினோ கெடையாது, கோவா இல்லாட்டி சிக்கிம் போகணும். அதுவரைக்கும், வருமானம் எதுலேருந்து வருதுன்னு கணக்குப் பாத்துப் பழக சித்திரைப் பொருட்காட்சிக்கு ஒரு நோட்டோட போங்க, நுழைவு டிக்கெட்டுல எவ்வளவு, ராட்டினத்துல எவ்வளவு, டெல்லி அப்பளத்துல எவ்வளவுன்னு குத்துமதிப்பா எழுதுங்க (அப்பளக் கடைக்காரர் மொறைப்பாரு, ஒண்ணு வாங்கிட்டு எழுதுங்க). வெளிநாட்டு வேலைன்னு ஏஜென்ட் எவனாச்சும் வந்தா, மத்திய அரசோட இமைக்ரேட் (eMigrate) இணையதளத்துல அவன் பதிவு இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் பேசுங்க.