க்ரானில் வேலை போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டன், தலவாக்கலை பக்கம் கடை, டியூஷன் வகுப்பு, தேயிலைக் கொழுந்து வாங்கும் இடம் என்று லினக்ஸ் கணினி இருக்கும் இடங்களை இப்போது படித்துவிட்டு வரும் தம்பிமார்தான் பார்த்துக்கொள்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் க்ரானில், அதாவது குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் லினக்ஸ் நிரலில், ஒரு வேலையைப் போட்டுவிட்டு அவர்கள் சறுக்கும் இடங்கள் மட்டும் மாறுவதே இல்லை. க்ரான் வரியில் முதலில் வருவது நிமிடமா மணியா என்ற குழப்பத்தை விட்டுவிடுகிறேன், அது தானாகப் பழகிவிடும்.

கையால் ஓடியது, க்ரானில் ஓடவில்லை

டெர்மினலில் நீங்கள் அமைத்து வைத்திருக்கும் பாதைகள் எதுவும் க்ரானுக்குத் தெரியாது. டெபியன், உபுண்டுவில் பயனர் க்ரான் கட்டளையைத் தேடுவது /யூஎஸ்ஆர்/பின், /பின் ஆகிய இரண்டு இடங்களில் மட்டும். கட்டளைகளை ஓட்டும் ஷெல்லும் டெர்மினலில் நீங்கள் பழகிய பாஷ் அல்ல. முழுப் பாதையையும் எழுதிவிடுங்கள்.

வாயை அடைத்துவிடுவது

எனக்கு இன்னமும் எரிச்சல் வருவது இதில்தான். வரியின் கடைசியில் >/டெவ்/நல் 2>&1 என்று ஒட்டிவிடுவார்கள். வேலை சொல்வதும் அதன் பிழையும் எங்கும் பதியாமல் போய்விடும். ஏன் என்று கேட்டால், "எல்லாரும் அப்படித்தானே அண்ணே போடுறாங்க" என்பார்கள். வேலை ஏதாவது சொன்னால் க்ரான் அதை மெயிலாக அனுப்பப் பார்க்கும். கணினியில் மெயில் நிரல் இல்லாவிட்டால் அந்த வெளியீட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, எறிந்ததாக லாக்கில் ஒரு வரி போடும். அந்த வரி தொந்தரவாம், அதனால் மொத்தமாக வாயை அடைத்துவிடுகிறார்கள்.

சிறு தோட்டக்காரர்களிடம் கொழுந்து வாங்கும் ஒரு இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். யார் எத்தனை கிலோ கொடுத்தார் என்பது மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் ஏறும். மாதக் கடைசியில் அதை வைத்துத்தான் காசு. இரவில் பேக்கப் எடுக்க ஒரு தம்பி ஸ்கிரிப்ட் எழுதியிருந்தார்: தரவு முழுவதையும் ஒரு கோப்பாக இறக்கி (டம்ப்), ஜிசிப்பில் சுருக்கி, தேதி போட்டுச் சேமிப்பது, 14 நாளுக்கு முந்தைய கோப்புகளை அழிப்பது. இடையில் யாரோ தரவுத்தளத்தின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்கள், ஸ்கிரிப்டில் மாற்றவில்லை. டம்ப் அன்றே தோற்றது. ஆனால் ஜிசிப் தோற்கவில்லை. ஒன்றுமே உள்ளே வராவிட்டாலும் அது ஒழுங்காக ஒரு கோப்பைப் போடும், சரியாக 20 பைட். ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குக் கொடுக்கும் பைப்பில் கடைசிக் கட்டளை வென்றால் ஷெல்லுக்கு எல்லாம் வென்ற கணக்கு. டம்ப் கத்திய பிழையோ /டெவ்/நல்லுக்குப் போய்விட்டது.

அப்புறம் இடி விழுந்து ஹார்ட் டிஸ்க் போனது. "ஒவ்வொரு நாளும் ஃபைல் இருக்குதானே அண்ணே" என்று தம்பி நம்பிக்கையோடு ஃபோல்டரைத் திறந்தார். இருந்தது, வரிசையாக, எல்லாம் 20 பைட். நல்ல பேக்கப்புகளையோ அவருடைய ஸ்கிரிப்டே நாளுக்கு ஒன்றாக அழித்து முடித்திருந்தது. கடைசியில் தராசு பிடிக்கிறவரின் கொப்பியில் இருந்து, மழையில் நனைந்து மை ஊறிய பக்கங்களைப் பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் மறுபடி தட்டினார்கள்.

இதற்கு மருந்து பெரிதாக ஒன்றுமில்லை. வெளியீட்டை ஒரு லாக் கோப்பில் சேருங்கள். ஸ்கிரிப்டை பாஷில் ஓட்டி, பைப்ஃபெயிலைப் போடுங்கள், பைப்பில் எது தோற்றாலும் தோல்வி என்றே வரும். முதலில் தற்காலிகப் பெயரில் எழுதி, கடைசி வரியில் 'டம்ப் கம்ப்ளீட்டட்' இருக்கிறதா என்று பார்த்த பிறகே உண்மைப் பெயருக்கு மாற்றுங்கள். பழையதை அழிப்பது அதற்கும் பிறகு. மாதத்தில் ஒரு நாளாவது ஒரு பேக்கப்பை வேறு கணினியில் விரித்துப் பாருங்கள். விரித்துப் பார்க்காததை நான் பேக்கப் என்று எண்ணுவதே இல்லை.

கரண்ட் போன இரவு

தென்மேற்குப் பருவமழையில் கம்பிமேல் மரம் விழாத வாரம் உண்டா? அதிகாலை 2 மணிக்குக் கணினி அணைந்திருந்தால் அந்த வேலை போனது போனதுதான், கரண்ட் வந்த பிறகு க்ரான் தேடி ஓட்டாது. கடை பூட்டும்போது அணைக்கிற கணினிக்கும் இதே கதை. நாளுக்கொரு வேலை என்றால், விட்டுப்போனதைப் பிறகு ஓட்டும் அனக்ரான் போதும். லினக்ஸின் இன்னொரு நேர வசதியான சிஸ்டம்டி டைமரில் பெர்சிஸ்டன்ட் என்பதை ட்ரூ ஆக்கினால், விட்டுப்போனதைக் கணினி எழுந்ததும் ஓட்டிவிடும்.

10ஆம் தேதியும் வெள்ளிக்கிழமையும்

தேதிக்கு 10, கிழமைக்கு 5 என்று போட்டால், 10ஆம் தேதி வெள்ளியாக வரும்போது மட்டும் ஓடும் என்று நினைக்கிறார்கள். இல்லை. ஒவ்வொரு 10ஆம் தேதியும் ஓடும், ஒவ்வொரு வெள்ளியும் ஓடும். சம்பள எஸ்எம்எஸ் வாரா வாரம் போய், ஆட்கள் கடை வாசலில் வந்து நின்றால் பதில் சொல்வது நீங்கள்தான்.

வேலைமேல் வேலை

மூடுபனி நாளில் 4ஜி இழுக்கும். 10 நிமிடத்துக்கு ஒருமுறை போட்ட அப்லோட் முடிவதற்குள் அடுத்தது கிளம்பும். எஃப்லாக் -என் போடுங்கள், முந்தையது முடியாவிட்டால் அடுத்தது ஓடாது.

யூடிசி

வாடகை சர்வர்கள் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். அங்கே நள்ளிரவு, இங்கே காலை 5.30.

சதவீதக் குறி

க்ரான் வேலைகளை எழுதும் க்ரான்டாப் வரியில் % வந்தால் அது புதுவரி. % தேவைப்படும் தேதிக் கட்டளையை ஸ்கிரிப்டுக்குள் வையுங்கள்.

க்ரான்டாப் -ஆர்

திருத்தத் திறக்கும் -இக்கு விசைப்பலகையில் பக்கத்து விசை. கேட்காமல் எல்லாவற்றையும் அழிக்கும். பட்டியலைக் காட்டும் க்ரான்டாப் -எல் கொடுத்து ஒரு பிரதியை இன்றே எடுத்து வையுங்கள்.